ஆன்லைன் ரேஸிங் கேமில் நீங்கள் எந்த லெவல்? நீங்களே அளந்து பார்க்க ஒரு வழி

ஆன்லைனில் ரேஸிங் கேம் ஆடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும்: நான் நன்றாக ஓட்டுகிறேனா, சுமாரா, மோசமா? கேள்வி சின்னதுதான். ஆனால் பதில் சொல்லக் கையில் இருக்கும் அளவுகோல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கணினி எதிரிகளோடு ஓட்டும் கேரியர் மோடில் எல்லாக் கோப்பையும் வாங்கியவர், நிஜ ஆட்கள் கூடும் ஆன்லைன் லாபியில் முதல் வளைவிலேயே கடைசிக்குப் போய்விடுவார். தனியாக ஓட்டும்போது வந்த லேப் டைம் ரேஸில் வரவே வராது. நேற்று இரண்டாவதாக வந்த அதே கை இன்று பதினேழாவதாக வரும்.

சரி, நம் மனசுக்குத் தெரியாதா என்றால், அதை நம்புவதும் கஷ்டம். ஓலா ஸ்வென்சன் என்ற உளவியல் ஆய்வாளர், நிஜச் சாலையில் கார் ஓட்டும் மாணவர்களிடம் ‘மற்றவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எப்படி?’ என்று கேட்டு 1981இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேரும் ஸ்வீடன் மாணவர்களில் 69 சதவீதம் பேரும் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். மேல்பாதியில் 50 சதவீதத்துக்குத்தானே இடம்? ஸ்டீயரிங் கைக்கு வந்தாலே இந்த நினைப்பும் கூடவே வந்துவிடும் போல.

கேமில் ஒரு வசதி, நம் நினைப்பை நம்பியே இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு லேப்பும் ஆயிரத்தில் ஒரு வினாடி வரை பதிவாகிறது, ரீப்ளே இருக்கிறது, ரேட்டிங் இருக்கிறது. இவற்றில் எது எதைச் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று புரிந்துகொண்டால் போதும். நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்: தனியாக எவ்வளவு வேகம், அந்த வேகம் எத்தனை லேப் நிற்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது என்ன ஆகிறது. மூன்றும் மூன்று வேறு திறமைகள். ஒன்றில் கெட்டிக்காரராகவும் இன்னொன்றில் புதுமுகமாகவும் இருப்பது மிகச் சாதாரணம்.

தனி வேகம்: வினாடியில் பார்க்காதீர்கள்

முதலில் தனி வேகம். ‘முதல் ஆளைவிட 2 வினாடி பின்தங்கியிருக்கிறேன்’ என்பதில் பாதித் தகவல்தான் இருக்கிறது. எந்த டிராக்கில் 2 வினாடி? இத்தாலியின் மொன்ஸா 5.793 கிலோமீட்டர், ஜிடி3 வகை ரேஸ் கார் ஒரு லேப் போக ஏறக்குறைய 1 நிமிடம் 48 வினாடி ஆகும். நூர்பர்க்ரிங்கின் நோர்ட்ஷ்லைஃபே 20 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே அதே கார் ஆறரை நிமிடத்தை ஒட்டி எடுக்கும். மொன்ஸாவில் 2 வினாடி என்பது கிட்டத்தட்ட 2 சதவீதம். நோர்ட்ஷ்லைஃபேயில் அதே 2 வினாடி சுமார் அரை சதவீதம்தான், அதாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய லேப்.

அதனால் சதவீதமாகவே பாருங்கள். உங்கள் நேரத்தை வேகமானவரின் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நிஜ ரேஸிங்கிலும் இந்தக் கணக்கு உண்டு. தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராதவர் ரேஸில் கலந்துகொள்ள முடியாது என்று ஃபார்முலா 1இல் 1996இல் விதி போட்டார்கள். நடுவில் சில வருடம் அது இல்லை. 2011இல் திரும்ப வந்தது.

கேமில் எனக்குத் தோன்றும் தோராயக் கணக்கு இது. அதே கார், அதே டிராக்கில் உலகின் உச்சத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு 107 சதவீதத்துக்கு வெளியே இருந்தால், டிராக்கோ காரோ இன்னும் பழகவில்லை. அப்போது லெவலைப் பற்றியே யோசிக்க வேண்டாம், ஓட்டுங்கள். 105ஐ ஒட்டி வந்தால் அடிப்படை கைவந்துவிட்டது. 102, 103 என்றால் பெரும்பாலான லாபிகளில் நடுவரிசையிலோ அதற்கு முன்னாலோ இருப்பீர்கள். 101க்குள் வருபவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இந்தக் கோடுகள் கேமுக்குக் கேம் கொஞ்சம் நகரும். ஆனால் ‘எனக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது’ என்பதற்கு இதைவிட நேர்மையான பதில் லீடர்போர்டில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இட எண்ணில் இருக்காது.

ஏன் இட எண் வேண்டாம் என்கிறேன்? லீடர்போர்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த டிராக்கை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனவர்களாக இருக்கலாம். அவர்களைத் தாண்டி ‘முதல் 30 சதவீதத்தில்’ வருவது கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மேலே இருப்பவர்கள் நேர்மாறு. அந்த ஒரு லேப்புக்காகவே நாள் கணக்காக உட்கார்ந்தவர்கள், பெட்ரோல் குறைவாக, டயர் சரியான சூட்டில், வளைவு ஓரத்துக் கெர்பை விதி அனுமதிக்கும் கடைசி அங்குலம் வரை ஏறி ஓட்டியவர்கள். முழு டேங்க்கோடு ரேஸில் ஓட்டிய உங்கள் லேப்பை அதோடு ஒப்பிட்டு மனசொடிந்து போக வேண்டாம். ஒப்பிடுவதானால் தகுதிச் சுற்று லேப்பைத் தகுதிச் சுற்று லேப்போடு, ரேஸ் லேப்பை ரேஸ் லேப்போடு ஒப்பிடுங்கள்.

ஆடுபவர்களே டிராக் (மேப்) உருவாக்கும் டிராக்மேனியா என்ற கேமில் இன்னொரு நல்ல அளவுகோல் இருக்கிறது. அதில் வெண்கலம், வெள்ளி, தங்கத்துக்கு மேலே ‘ஆத்தர் மெடல்’ என்று ஒன்று. அந்த மேப்பை உருவாக்கியவர் தானே ஓட்டிக் காட்டிய நேரத்தை நீங்கள் எட்டினாலோ முந்தினாலோதான் அது கிடைக்கும். முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஒப்பிடுவதைவிட, அந்தச் சாலையின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்த ஒருவரோடு ஒப்பிடுவது எவ்வளவோ தெளிவு.

பத்து லேப் சோதனை

ஒரு நல்ல லேப் யாருக்கும் வரும். அதைத் திரும்ப ஓட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து புதியவர்கள் தங்களைத் தவறாக எடை போடுவது பெரும்பாலும் இங்கேதான். ‘என் லேப் டைம் என்ன’ என்று கேட்டால், எல்லோரும் தங்கள் மிகச் சிறந்த லேப்பைச் சொல்வார்கள். ரேஸில் அந்த லேப் ஒருமுறைகூட வந்திருக்காது.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் மொன்ஸாவில், ஒரே காரில், தொடர்ந்து பத்து லேப் ஓட்டுகிறார்கள். முதலாமவரின் நேரங்களில் 1:48ஐத் தாண்டிய வினாடிகளை மட்டும் எழுதுகிறேன்: 0.2, 1.0, 0.9, 5.4, 1.3, 0.8, 9.0, 1.1, 2.6, 1.0. இரண்டாமவர்: 1.1, 1.4, 1.2, 1.6, 1.3, 1.5, 1.2, 1.8, 1.4, 1.5.

சிறந்த லேப் முதலாமவருடையது, 0.9 வினாடி வித்தியாசத்தில். தகுதிச் சுற்றில் அவர்தான் முன்னால் நிற்பார். ஆனால் பத்து லேப்பையும் கூட்டினால் அவருக்கு 23.3, இரண்டாமவருக்கு 14.0. ரேஸ் முடியும்போது ‘மெதுவானவர்’ 9 வினாடிக்கு மேல் முன்னால் இருக்கிறார்!

இதை இன்னும் கொஞ்சம் கிண்டிப் பாருங்கள். முதலாமவரின் இரண்டு மோசமான லேப்களை, அந்த 5.4ஐயும் 9.0ஐயும், எடுத்துவிட்டால் மீதி எட்டு லேப்பின் சராசரி 1.1 வினாடி. இரண்டாமவருடையது 1.4. ஆக, முதலாமவர் நிஜமாகவே வேகமானவர்தான். அவருக்கு வேகம் குறைவில்லை. எங்கோ ஒரு வளைவில் இரண்டு முறை சுழன்றிருக்கிறார், அல்லது சரளைக்குள் போயிருக்கிறார். அவர் உட்கார்ந்து பிரேக்கிங் வீடியோ பார்த்து இன்னும் 0.2 வினாடி தேடுவதில் பயன் இல்லை. அந்த ஒரு வளைவில் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்தால் போதும், அந்த இரண்டு லேப்களில் போன 14 வினாடியில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். இரண்டாமவரின் நிலைமை வேறு. தப்பே செய்யவில்லை. அதுவே அவருடைய குறையாகவும் இருக்கலாம்: எல்லைக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றுகொள்கிறார். அவர் கொஞ்சம் துணிய வேண்டும்.

இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட் கிடையாது, ரீவைண்ட் கிடையாது. சுழன்றாலும் அந்த லேப்பை முடித்தே ஆக வேண்டும். டயர் சூடாகும் முதல் லேப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்த பத்தையும் தாளில் எழுதுங்கள். உங்கள் சிறந்த லேப்புக்கும் சாதாரண லேப்புக்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை லேப் முற்றிலும் வீணாய்ப் போனது என்று பாருங்கள். அப்புறம் யாராவது கேட்டால், சிறந்த லேப்பைச் சொல்லாமல் அந்தச் சாதாரண லேப்பைச் சொல்லுங்கள். உங்கள் லெவல் அதுதான்.

ரேட்டிங் எண் என்ன சொல்கிறது

பெரும்பாலான கேம்கள் உங்களுக்கு ஓர் எண்ணோ எழுத்தோ கொடுக்கும். ஐரேசிங்கில் ஐரேட்டிங், கிரான் டூரிஸ்மோவில் ஈ தொடங்கி எஸ் வரை போகும் டிரைவர் ரேட்டிங், 2014இல் நிறுத்தப்பட்ட மரியோ கார்ட் வீ ஆன்லைனில் 5000இல் தொடங்கி 9999இல் முடிந்த விஆர் என்ற புள்ளி. இவற்றின் பின்னால் இருக்கும் யோசனை செஸ்ஸிலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ ஒரு கணக்கு முறையை வகுத்தார். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960இலும் உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இலும் அதை ஏற்றன. இரண்டு பேரின் ரேட்டிங் வித்தியாசத்தை வைத்து யார் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்று அது முன்கூட்டியே சொல்லும். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவருக்குச் சுமார் 76 சதவீதம், 400 என்றால் சுமார் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் எண் ஏறும், குறைவாக ஆடினால் இறங்கும்.

ரேஸில் இரண்டு பேர் அல்ல, இருபது பேர். அதையும் இதே கணக்குக்குள் அடக்கலாம். நீங்கள் எட்டாவதாக வந்தால், பின்னால் வந்த 12 பேரை ஜெயித்தீர்கள், முன்னால் போன 7 பேரிடம் தோற்றீர்கள் என்று எடுத்துக்கொண்டால் சரி. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவு எக்ஸ்பாக்ஸ் லைவுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில் முறை இன்னொரு படி போனது. உங்கள் திறமை பற்றிய மதிப்பீடு ஓர் எண், அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பது இன்னோர் எண். புது ஆளுக்கு மதிப்பீடு 25, சந்தேகம் 8.33. மதிப்பீட்டிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்துத்தான் லெவலைக் கணக்கிடுவார்கள். 25இல் 25 போனால் பூஜ்யம். புது ஆள் பூஜ்யத்தில் தொடங்குவது அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதால் அல்ல. அவரைப் பற்றி கேமுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்.

இதிலிருந்து புதியவருக்குத் தேவையான சில விஷயங்கள் கிடைக்கின்றன. முதல் சில ரேஸ்களின் எண்ணை வைத்துக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். கேம் அப்போது உங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, ரேட்டிங் உங்கள் திறமையை அளப்பதில்லை, மற்றவர்களுக்கு நடுவே உங்கள் இடத்தை அளக்கிறது. நீங்களும் முன்னேறி, கூட ஆடுபவர்களும் அதே அளவு முன்னேறினால் எண் அப்படியே நிற்கும். லேப் டைம் குறைந்துகொண்டே வருகிறது, ரேட்டிங் மட்டும் நகரவில்லை என்று புலம்புபவர்கள் பலருக்கு நடப்பது இதுதான்.

மூன்றாவது விஷயத்தைப் புரிந்துகொண்டால் நிறைய நிம்மதி கிடைக்கும். மேட்ச்மேக்கிங், அதாவது கேம் உங்களுக்கு எதிராளிகளைச் சேர்க்கும் முறை, சரியாக வேலை செய்தால், உங்களுக்குச் சமமான 20 பேரோடு ஓடும்போது உங்கள் சராசரி இடம் 10க்கும் 11க்கும் நடுவில்தான் இருக்கும். பத்தாவதாக வருவது தோல்வி அல்ல. கேம் உங்களைச் சரியாகக் கணித்துவிட்டது என்று அர்த்தம். எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறீர்கள் என்றால், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற கதையாக இருக்கலாம். ஐரேசிங்கில் ஒரே ரேஸுக்கு நிறையப் பேர் பதிவுசெய்தால், ரேட்டிங் வரிசைப்படி ‘ஸ்ப்ளிட்’ என்று பல ரேஸ்களாகப் பிரிப்பார்கள். முதல் ஸ்ப்ளிட்டில் பன்னிரண்டாவதாக வந்தவர் கடைசி ஸ்ப்ளிட்டில் ஜெயித்தவரைவிட எவ்வளவோ மேலே. அதனால் வந்த இடத்தைச் சொல்லும்போது, யாரோடு ஓடினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது அரைகுறைத் தகவல்.

மரியோ கார்ட் மாதிரி கேம்களில் இன்னும் ஒரு சிக்கல். பின்னால் இருப்பவருக்கு வலுவான ஐட்டம் கிடைக்கும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கடைசி வளைவில், முதலில் ஓடுபவரைத் தேடித் தாக்கும் நீல ஓடு வந்து விழுந்தால் முதலிடம் ஐந்தாமிடமாகும். அங்கே ஒரு ரேஸை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நிறைய ரேஸ்களின் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் ஆள் வந்தால்

மூன்றாவது திறமையை எண்ணில் பிடிப்பது கடினம், ஆனால் ஆன்லைனில் இதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கேம்களும் இதற்குத் தனி அளவுகோல் வைத்திருக்கின்றன. கிரான் டூரிஸ்மோவில் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் ரேட்டிங். ஐரேசிங்கில் சேஃப்டி ரேட்டிங்: இதில் தவறுக்குப் புள்ளி ஏற ஏற ரேட்டிங் இறங்கும். டிராக்கை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, தார்ச் சாலையில் இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. யார் தப்பு என்று கேட்காது. இருவர் கணக்கிலும் ஏறும். புதியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும், கோபம் வரும். எனக்கு இது சரியாகவே படுகிறது. அது குற்றவாளியைத் தேடவில்லை. உங்களால் மோதலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி இருக்க முடிகிறது என்று பார்க்கிறது.

உங்களுக்கு நீங்களே நீதிபதியாக இருக்க ஒரு வழி உண்டு: ரீப்ளேயை எதிராளியின் காக்பிட்டிலிருந்து பாருங்கள். மொன்ஸாவின் முதல் சிக்கேன் (அடுத்தடுத்து எதிர்த்திசையில் திரும்பும் வளைவுகள்) இதற்கு நல்ல இடம். நீண்ட நேர்ச்சாலை, உச்ச வேகம், சட்டென்று இறுக்கமான வலது, உடனே இடது. முதல் லேப்பில் இருபது காரும் அந்தச் சந்துக்குள் போயாக வேண்டும். நீங்கள் வலப்பக்கம் உள்ளே நுழைந்தீர்கள், வெளிப்பக்கத்துக் கார் உங்கள் மேல் திரும்பியது, இடித்தது. உங்கள் கேமராவில் பார்த்தால் குற்றவாளி அவர்தான். இப்போது அவர் கேமராவுக்கு மாறுங்கள். அவர் பிரேக்கை அழுத்தும் நொடியில் நிறுத்திவையுங்கள். அவர் கண்ணாடியில் நீங்கள் இருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரு கார் நீளம் பின்னால் இருப்பீர்கள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். வழக்கமாக நீங்கள் பிரேக் பிடிக்கும் பலகையைத் தாண்டிவிட்டீர்கள், இன்னும் பிடிக்கவில்லை. பிடித்ததும் ஏபிஎஸ் துடிக்கிறது. அவர் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தை மட்டுமே எட்டியிருக்கிறது. அவருக்கு நீங்கள் அங்கே இருப்பது தெரியவே வழியில்லை. அந்த இடைவெளி திறந்திருந்தது உண்மைதான். ஆனால் அது உங்களுக்காகத் திறந்தது அல்ல, அவர் திரும்புவதற்காக விட்டுவைத்த இடம்.

பத்து மோதல்களை இப்படிப் பார்த்தால் உங்கள் மூன்றாவது திறமை எந்த லெவல் என்று தெரிந்துவிடும். தொடக்க நிலையில் இருப்பவர் ‘அவன் என்னை இடித்தான்’ என்பார். கொஞ்சம் வளர்ந்தவர் ‘இதில் பாதி என் தப்பு’ என்பார். கைதேர்ந்தவரிடம் சொல்வதற்குச் சம்பவமே இருக்காது. அவன் இடிக்கப்போகிறான் என்று இரண்டு வளைவுக்கு முன்பே தெரிந்து வழிவிட்டு, அடுத்த நேர்ச்சாலையில் ஸ்லிப்ஸ்ட்ரீமில் (முன்கார் காற்றைக் கிழித்து விட்ட வழியில்) திரும்பப் பிடித்திருப்பார்.

இன்னொரு சின்னச் சோதனை: பின்னால் ஒரு கார் அரை வினாடியில் ஒட்டிக்கொண்டு வரும்போது உங்கள் லேப் டைம் என்ன ஆகிறது? தனியாக ஓட்டும் நேரத்தைவிட அரை வினாடி கூடினால் பரவாயில்லை, தற்காப்புக்கு உள்பக்கம் ஓட்டினால் அது இயல்பு. இரண்டு வினாடி கூடினால், நீங்கள் கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறீர்கள், சாலையை அல்ல.

கணினி எதிரிகளை ஜெயிப்பதும் அளவுகோல்தானே என்று கேட்பீர்கள். கோட்மாஸ்டர்ஸின் எஃப்1 கேம்களில் கணினியின் கடினத்தை 110 வரை ஏற்றலாம். ஆனால் அதே அளவில் ஒரு டிராக்கில் நீங்கள் சுலபமாக ஜெயிப்பீர்கள், இன்னொன்றில் பக்கத்தில்கூடப் போக முடியாது. மனிதர்கள் போல அவை பதற்றப்படுவதும் இல்லை. பழகுவதற்கு நல்லது, அளப்பதற்கு அல்ல.

கருவி பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டீயரிங் வீல் இல்லாததால்தான் லெவல் ஏறவில்லை என்பது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். டிராக்மேனியாவின் உச்சத்தில் கீபோர்டு வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சிமுலேட்டர் வகைக் கேம்களில் வீலும் பெடலும் சீராக ஓட்ட உதவும், உண்மைதான். ஆனால் 107 சதவீதத்தில் இருப்பவரை அது 102க்குக் கொண்டுவராது.

இதுவரை சொன்னதெல்லாம் உங்களுக்குப் பழகிய டிராக்கில். பழக்கத்தையும் திறமையையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் தெரியாத இடத்துக்குப் போக வேண்டும். டிராக்மேனியாவில் ‘கப் ஆஃப் தி டே’ என்று தினமும் ஒரு போட்டி; பெரும்பாலோர் முன்பு ஓட்டாத புது மேப். முதல் 15 நிமிடம் நேரம் பதிவுசெய்யலாம், அந்த நேரப்படி 64 பேர் கொண்ட டிவிஷன்களாகப் பிரிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மேப், ஒரே 15 நிமிடம். ஐந்நூறு லேப் பயிற்சி என்ற சலுகை யாருக்கும் கிடையாது. வேறு கேம் ஆடுபவர்கள், இதுவரை தொடாத ஒரு டிராக்கையும் காரையும் தேர்ந்தெடுத்து, அதே 15 நிமிடம் ஓட்டி, சதவீதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழகிய டிராக்கில் 103 வருபவருக்கு இங்கே 110 வந்தால், அவர் அந்த டிராக்கை மனப்பாடம் செய்திருக்கிறார். 105 வந்தால், ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த எண்களைக் குறித்து வைத்தால் பக்கத்தில் தேதியையும் கேமின் பதிப்பையும் எழுதிவையுங்கள். ஓர் அப்டேட்டில் டயர் பிடிப்பையோ கார்களின் சமநிலையையோ மாற்றிவிட்டால், பழைய லேப் டைமோடு புதியதை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அப்போது பத்து லேப்பை மறுபடியும் ஓட்டிவிடுவதுதான் சுலபம்.